முடிவு அவருடையது

நண்பர்களே, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணைநிற்பதையே தொழிலாகக் கொள்ள நினைக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாரையும் கைப்பிடித்து இழுத்து வெளியே கொண்டுவரும் வேலை அல்ல இது. பல ஆண்டுகளாகத் தன் முடிவுகளை எல்லாம் இன்னொருவரிடம் பறிகொடுத்தவர் உங்கள் முன் வந்து அமரும்போது, நல்லெண்ணத்தோடேயானாலும் அவருக்காக நீங்கள் முடிவெடுக்கத் தொடங்கினால், ஆட்டி வைப்பவர் மாறினாரே ஒழிய வேறொன்றும் மாறவில்லை.

1980களில் அமெரிக்காவின் டுலூத் நகரில், வன்முறையை அனுபவித்த பெண்களிடமே கேட்டு ஒரு சக்கரப்படம் வரையப்பட்டது. அதன் நடுவில் இருப்பவை அதிகாரமும் கட்டுப்பாடும். அடியும் பாலியல் வன்முறையும் வெளிவட்டத்தில்தான் வருகின்றன. இடையிலுள்ள ஆரங்களில் பணத்தைத் தராமல் வைத்திருப்பது, உறவினரிடமிருந்து பிரிப்பது, பிள்ளைகளைக் காட்டி மிரட்டுவது போன்றவை எழுதப்பட்டிருக்கின்றன. காயத்தை மட்டும் தேடும் கண்ணுக்கு இவற்றில் எதுவும் தென்படாது.

"விட்டுவிட்டு வந்திருக்கலாமே" என்று ஊர் எளிதாகக் கேட்டுவிடும். நாம் கேட்கக் கூடாது. பிரிய முடிவெடுத்த நேரமும் பிரிந்ததற்குப் பின்வரும் மாதங்களும் கொலை அபாயம் கூடும் காலம் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போகாமல் இருப்பவர் பல நேரங்களில் அந்த அபாயத்தை நம்மைவிடத் துல்லியமாக அளந்துவைத்திருக்கிறார். செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்ப்பெல் அதே 1980களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டு வினாப்பட்டியல் இன்றும் பயன்படுகிறது. வீட்டில் துப்பாக்கி உண்டா, கழுத்தை நெரித்தது உண்டா என்று அது கேட்கிறது. இரண்டாவது கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். நெரித்த தடம் பல நேரங்களில் தோலில் தெரியாது, கேட்காவிட்டால் அவராகவும் சொல்லமாட்டார்.

பிறகுதான் பாதுகாப்புத் திட்டம்: ஆவணங்களின் நகல்கள் எங்கே இருக்கும், கைப்பேசியை யார் பார்க்கிறார், எந்த வாசல் வழியாக வெளியேறுவது என்பவை. நீதிமன்றத்துக்குத் துணையாகப் போவதும், காவல் நிலையத்தில் அதே கதையை அவர் நான்காம் முறை சொல்ல நேராமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலையே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் வீரம் எதுவும் தெரியாது. பெரும்பகுதி காத்திருப்பும் படிவங்களும்தான்.

சிலர் திரும்பிப் போவார்கள், ஒருமுறைக்கு மேலும் போவார்கள். அன்று அவருடைய கோப்பை மூடிவிடாதீர்கள். இனி எந்த நேரத்தில் அழைத்தால் அவருக்கு ஆபத்தில்லை என்பதைக் கேட்டு, அதில் குறித்துவையுங்கள்.