மண்ணின் பாட்டே மனதில் நிற்கும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அக்காமார் அண்ணன்மாருக்கும், கொட்டும் மழையிலும் குடை பிடித்து வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் திருகோணமலைச் சபைக்கும் என் வணக்கம். எல்லோருக்கும் ஒளிவிழா வாழ்த்துகள்.

நத்தார் என்னும் கிறிஸ்மஸ் காலத்தில் மனிதர் மனதைத் தொடுவது உலகம் முழுக்கப் பாடும் பொதுப் பாட்டா, ஊருக்கு ஊர் மாறும் மண்ணின் பாட்டா? இதுதான் இன்றைய வழக்கு. நான் மண்ணின் பாட்டுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா நன்றாகவே பேசினார். 'சைலன்ட் நைட்' பாட்டை 300க்கும் மேற்பட்ட மொழிகளில் பாடுகிறார்கள் என்றார். முதலாம் உலகப் போரில், 1914ஆம் ஆண்டு நத்தார் இரவில், பதுங்குகுழிகளில் எதிரெதிரே கிடந்த படையினரைக்கூட அந்தப் பாட்டு துவக்கைக் கீழே வைக்கச் செய்தது என்றார். பனியையே காணாத எங்கள் பிள்ளைகள் பனிப் பாட்டை ஆசையோடு பாடுகிறார்களே, பாட்டுக்கு ஊர் எதற்கு என்று கேட்டார். ஊர்ப் பாட்டு ஊர் எல்லையோடு நின்றுவிடும் என்று முடித்தார். சபை கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் ஐயா, அவர் கூட்டிவந்த சாட்சிகள் எல்லோரும் எங்கள் பக்கச் சாட்சிகள்.

முதல் சாட்சியையே விசாரிப்போம். 'சைலன்ட் நைட்' எங்கே பிறந்தது? ஒஸ்திரியாவில், சால்ஸ்பேர்க் நகருக்குப் பக்கத்தில் ஓபர்ன்டோர்ஃப் என்று ஓர் ஆற்றங்கரை ஊர். சால்சாக் ஆற்றில் உப்பு ஏற்றிப்போகும் படகுக்காரர் வாழ்ந்த இடம். அங்கே உதவிக் குருவாக இருந்த ஜோசப் மோர், 1816இல் எழுதி வைத்திருந்த கவிதையை 1818 டிசம்பர் 24ஆம் தேதி பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் சேவர் குரூபரிடம் கொடுத்து மெட்டுக் கேட்டார். அன்றிரவே இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். பெரிய ஆர்கன் இசை இல்லை, ஒரு கிட்டார்தான். ஓர் ஊர்க் குருவும் ஓர் ஊர் வாத்தியாரும் தங்கள் ஊர்ச் சனத்துக்காகச் செய்த பாட்டு அது. உலகம் முழுக்கப் பாட வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கவே முடியாது.

பிறகு அது எப்படி வெளியே போனது? திரோல் மலைநாட்டுச் சில்லர்டால் பள்ளத்தாக்கின் நாட்டுப்புறப் பாடகர் குடும்பங்கள் இரண்டு, தங்கள் ஊர்ப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு நாடு நாடாகப் போனபோது இதையும் சேர்த்துக் கொண்டுபோயின. ரைனர் குடும்பத்தார் 1839இல் நியூயோர்க்கிலும் பாடினார்கள். கேட்டவர்களுக்கு அது பொதுப் பாட்டாகத் தெரியவில்லை. திரோல் மலைநாட்டுப் பாட்டு என்றே கேட்டார்கள், அந்த மலைவாசத்துக்காகவே விரும்பினார்கள். பதுங்குகுழிக் கதையும் அப்படித்தான். ஜெர்மானியர் தங்கள் மொழியில் தங்கள் பாட்டைப் பாடினார்கள், எதிர்ப்பக்கத்துப் பிரித்தானியர் தாங்கள் வளர்ந்த கரோல்களைத் திருப்பிப் பாடினார்கள். வீட்டு நினைவு வந்ததால்தான், ஐயா, அன்றிரவு துவக்குகள் கீழே போயின.

சரி, ஒரே மொழி, ஒரே சொற்கள் என்றால் பாட்டும் ஒன்றாகிவிடுமா? பெத்லகேம் சிற்றூரைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலக் கரோல் ஒன்று இருக்கிறது. பிலடெல்பியாவில் போதகராக இருந்த பிலிப்ஸ் புரூக்ஸ், 1865இல் பெத்லகேமுக்குப் போய்வந்த நினைவில் 1868இல் எழுதியது. அவருடைய ஆலயத்து ஆர்கன் இசைஞர் லூயிஸ் ரெட்னர் மெட்டுப் போட்டார். அமெரிக்காவில் இன்றைக்கும் அந்த மெட்டுத்தான். அதே சொற்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது என்ன நடந்தது? ரால்ஃப் வோன் வில்லியம்ஸ் என்ற இசையமைப்பாளர், சரே மாவட்டத்தின் ஃபொரஸ்ட் கிரீன் கிராமத்தில் ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிவைத்திருந்த நாட்டுப்புற மெட்டை, 1906இல் வந்த பாட்டுப் புத்தகத்தில் அந்தச் சொற்களுக்குப் பொருத்தினார். அந்தக் கிராமத்தின் பெயரே மெட்டுக்கும் பெயராயிற்று. அதிலிருந்து இங்கிலாந்துக்காரருக்கு அதுதான் பாட்டு. அக்கரையில் வளர்ந்தவருக்கு இக்கரை மெட்டு நாக்கில் வராது. மாட்டுக்கொட்டிலில் தூங்கும் பாலனைப் பற்றிக் குழந்தைகள் பாடும் கரோலுக்கும் இரண்டு கரையிலும் இரண்டு மெட்டு. நடுராத்திரியில் வானதூதர் பாடியதைச் சொல்லும் கரோலும் அப்படித்தான். சொல் ஒன்றாக இருந்தும், சின்ன வயதில் அம்மாவின் பக்கத்தில் நின்று பாடிய மெட்டைத்தான் மனம் தேடுகிறது.

இங்கிலாந்துக்குள்ளேயே போய்ப் பாருங்கோ. ஷெஃபீல்ட் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து நத்தார் வரை ஞாயிறுதோறும் சனம் மதுச்சாலையில் கூடிக் கரோல் பாடுகிறது. ஏன் மதுச்சாலை? 19ஆம் நூற்றாண்டில் ஆலயங்கள் பாட்டுமுறையைச் சீர்படுத்துகிறோம் என்று பழைய ஊர் மெட்டுகளை வெளியே தள்ளின. சனம் விடவில்லை. பாட்டைத் தூக்கிக்கொண்டு மதுச்சாலைக்குப் போய்விட்டது. இடையர் இரவில் மந்தை காத்ததைச் சொல்லும் ஒரே பாட்டுக்கு அந்த வட்டாரத்தில் எத்தனையோ மெட்டுகள். ஓர் ஊரில் பாடுவது அடுத்த ஊரில் இல்லை. பொதுப் பாட்டே போதும் என்றால், அந்தச் சனம் எதற்கு இவ்வளவு காலம் மல்லுக்கட்ட வேண்டும்?

இனிப் பனிக்கு வருவோம். அக்காவின் பெரிய ஆயுதம் அது. 'வைட் கிறிஸ்மஸ்' பாட்டை இர்விங் பெர்லின் எழுதினார், 1942இல் பிங் குரோஸ்பி பாடி உலகமெல்லாம் பரவியது. அந்தப் பாட்டுக்கு ஒரு முன்வரி உண்டு, குரோஸ்பியின் இசைத்தட்டில் அது இல்லை. அதில் என்ன இருக்கிறது? வெயில் அடிக்கிறது, தோடை மரமும் பனைபோல் நிற்கும் மரங்களும் அசைகின்றன, இடம் லொஸ் ஏஞ்சல்ஸ். அங்கே இருக்கும் ஒருவர் வடக்கே இருக்கும் ஊரை நினைத்து ஏங்குகிறார். போர்க்காலத்தில் கடல் கடந்து நின்ற அமெரிக்கச் சிப்பாய்கள் வானொலியில் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு அது. பனிக்கு ஆசைப்பட்டு அவர்கள் அதைக் கேட்கவில்லை. ஊருக்குப் போக முடியாமல் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் பாடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஏங்குவதற்கும் சொந்தமாக ஓர் இடம் பாட்டில் இருக்க வேண்டாமா?

தெற்கே அவுஸ்திரேலியாவில் நத்தார் நடுக்கோடையில் வருகிறது. 1948இல் வில்லியம் ஜேம்ஸ் மெட்டுப் போட்ட கரோல்களில் சமவெளியில் கொக்கினப் பறவைகள் ஆடுகின்றன, மாடு ஓட்டுகிறவர்கள் இரவில் வருகிறார்கள். பனியை அல்ல, தங்கள் மண்ணைத்தான் பாடினார்கள்.

ஒரு பாட்டு ஊரை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி வைத்திருக்கிறேன். மணியோசை போலத் துள்ளி ஓடும் ஒரு கரோலை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அது உக்ரைன் நாட்டுப் பாட்டு. மிக்கோலா லியொந்தோவிச் பழைய கிராமத்து மெட்டொன்றை எடுத்துச் செய்தார், 1916இல் கீவ் நகரில் முதன்முதலாகப் பாடினார்கள். ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்குள் பறந்து வந்து, 'வீட்டுக்காரரே, வெளியே வந்து பாரும், உம்முடைய ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன' என்று சொல்லும் புதுவருட வாழ்த்து அது. 1922இல் உக்ரைன் பாடகர் குழு நியூயோர்க்கில் பாடியது. 1936இல் அமெரிக்காவில் அதற்கு வேறு ஆங்கில வரிகள் எழுதினார்கள். அதில் மணிகள் இருக்கின்றன. குருவி இல்லை, ஆட்டுக்குட்டி இல்லை, அந்த வீட்டு முற்றமும் இல்லை. உலகப் புகழ் கிடைத்தது உண்மை. இழந்தது சின்ன இழப்பா என்று சபையே சொல்லட்டும்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். தமிழுக்கு இது புதிதா? தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் கிறிஸ்துவைப் பாட எந்த வடிவத்தை எடுத்தார்? குறவஞ்சியை எடுத்தார். பெத்லகேமுக்கே குறி சொல்லும் குறத்தியைக் கூட்டிப்போனார். அதற்கும் முன்னால், ஏழாம் நூற்றாண்டில் எங்கள் கோணமலையைச் சம்பந்தர் பாடினார். இராமேஸ்வரத்தில் நின்றபடியே பாடினார் என்பது மரபு. இறைவனை மட்டும் பாடிவிட்டுப் போனாரா? சந்தனத்தையும் அகிலையும் மணிகளையும் வாரிக்கொண்டு வந்து முத்துக் கொழிக்கும் எங்கள் கடலைப் பாட்டுக்குள் வைத்தார். அதனால்தான் சிவராத்திரிக்குக் கோயிலில் அந்தப் பதிகம் கேட்கும்போது, மலைக்குக் கீழே அலை அடிக்கும் சத்தமும் பதிகத்தோடு சேர்ந்து காதில் விழுகிறது.

நத்தாருக்கு எங்களிடம் என்ன இருக்கிறது? இலங்கை சின்னத் தீவுதான், ஆனால் மார்கழி இரண்டு. மேற்குக் கரை நீர்கொழும்பில் நத்தார் நேரம் கடல் அமைதி, படகுகள் தொழிலுக்குப் போகும். எங்களுக்கு வடகீழ்ப் பருவக்காற்று. வள்ளங்கள் கரையில் கிடக்கும், வாடை அடிக்கும், மழை விடாது. அந்தக் கரைக்காரர் பாடும் நத்தாரும் எங்கள் நத்தாரும் ஒன்றாக இருக்க முடியாது. இங்கே பாலையூற்றுப் பக்கத்தில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டி நானூறு வருடம் ஆகிறது. அவர்கள் விட்டுப்போன மொழியையும் வயலினோடு பாடும் பாட்டையும் அந்தக் குடும்பங்களின் மூத்தவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் அது இறங்கவில்லை. உலகத்தில் மட்டக்களப்பையும் எங்களையும் விட்டால் அந்தப் பாட்டுக்கு வேறு போக்கிடம் எது? இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது, ஐயா.

போன வருடம் எங்கள் பங்கின் பாடகர் குழு ஒரு முயற்சி செய்தது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு உங்களுக்குத் தெரியும். ஒருவர் முன்னெடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடி அந்தப் பிடியில் வலையை இழுப்பார்கள். அந்த மெட்டில் பாலன் பிறப்பைப் பாடினோம். இடையருக்குப் பதிலாகக் கடற்கரையில் விழித்திருக்கும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியும் கூலியாட்களும். கீபோர்ட் வேண்டாம் என்று விட்டுவிட்டோம், டொல்கி மட்டும். நள்ளிரவுத் திருப்பலிக்கு முன்னால் பாடத் தொடங்கி இரண்டாவது அடி முடியவில்லை, ஆண்கள் பக்கத்து வாங்கிலில் இருந்த ஒரு கிழவர் 'ஏலேலோ' என்று உரத்து வாங்கினார். இரண்டு கையும் முன்னால் நீண்டு, இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்தன. அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். பிறகு முழு ஆலயமும். வழக்கமான கரோல்களுக்கு வாயசைத்துக்கொண்டு நின்ற ஆட்கள் இவர்கள். பாட்டுத் தாளைத் தேடிப் புரட்ட யாருக்கும் நேரம் இருக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

கடைசியாக அக்காவின் கடைசிக் குற்றச்சாட்டு. ஊர்ப் பாட்டு எல்லை தாண்டாதாம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கோர்ன்வால். அங்கே இல்லோகன் என்ற ஊரில் தோமஸ் மெரிட் என்று ஒரு சுரங்கத் தொழிலாளி, 1863இல் பிறந்தவர். உடம்பு முடியாமல் சுரங்கத்தை விட்டு இசைக்கு வந்து, தன் சனத்துக்காகக் கரோல்கள் எழுதினார். தகரச் சுரங்கமும் செம்புச் சுரங்கமும் நொடித்துப்போய், வேலை தேடிப் புறப்பட்ட கோர்ன்வால்காரர் கலிபோர்னியாவின் கிராஸ் வேலி என்ற ஊருக்கும் தென்னவுஸ்திரேலியாவின் சுரங்க ஊர்களுக்கும் போனார்கள். போன இடமெல்லாம் மெரிட்டின் பாட்டுகளும் போயின. அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள் அவற்றை இன்னும் பாடுகிறார்கள். எல்லை தாண்டியது எது, நடுவர் ஐயா? ஓர் ஊரின் பாட்டு. எங்களைப் போலவே புலம்பெயர்ந்த சனத்தின் பாட்டு.

எங்கள் சனம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறது. அந்த அம்பா கரோலை ஒருவர் கைபேசியில் பதிந்து அனுப்பியிருந்தார். நத்தார் காலையில் கனடாவிலிருந்து என் மாமி அழைத்து, 'பின்னால மழைச் சத்தமும் கேட்குதடா' என்று சொல்லி அழுதார். அங்கே அவருக்கு வெளியே உண்மையான பனி கிடந்தது. கேட்டது எங்கள் மழையை.

ஆகவே நடுவர் ஐயா, பொதுப் பாட்டைத் தள்ளுங்கள் என்று நாங்கள் வாதாட வரவில்லை. அது இருக்கட்டும், பாடுவோம். ஆனால் மனதைத் தொடுவது எது என்று கேட்டால், தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வர வேண்டும். வரும் மார்கழிக்குள் ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு சபையும், ஒவ்வொரு பள்ளிக்கூடமும் இந்த ஊரில் எழுதி இந்த ஊரில் மெட்டுப் போட்ட ஒரு பாட்டையாவது ஒளிவிழா மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உங்கள் தீர்ப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாலையூற்று மூத்தவர்களின் வீட்டுக்கு முதலில் போங்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.