ஏட்டுச் சுரைக்காயும் ஓலைப்பெட்டிக் காசும்

(எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில வசனங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவில் வந்திருக்கும் உதவிப் பிரதேச செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட அதிபர் அவர்களே, கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, வங்கி முகாமையாளர் அவர்களே, மாதர் சங்கத்துப் பெரியவர்களே, கடைசி வரிசையில் கைபேசியோடு இருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெக்கையில் போர்த்திக்கொண்டு பேச முடியாது, கதிரையில் மடித்து வைத்திருக்கிறேன், யாரும் குறை நினைக்க வேண்டாம்.

ஒரு பொருளியலாளரின் அனுபவம் என்று தலைப்புத் தந்தார்கள். நான் செய்த வேலை, நம் தனிப்பட்ட விவரங்களைக் காக்கும் தரவுச் சட்டம், பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்று மூன்று விடயம் குறித்து வந்திருக்கிறேன். எதுவரை போகிறதென்று பார்ப்போம்.

என் வேலையை என் அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கப்படுத்த முடியவில்லை. "கொழும்பில என்னடா செய்யிறாய்?" என்பா. வர்த்தகக் கொள்கை ஆராய்ச்சி என்பேன். "அப்ப கடை வைச்சிருக்கிறியோ?" இல்லையம்மா, கடைக்காரர் எந்த விதிப்படி விற்கலாம் என்று எழுதுகிறேன். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவா.

தொழிலின் முதல் பாதி சட்டை காற்சட்டையோடு போனது. எந்த நாட்டிலிருந்து எத்தனை உடுப்பு வாங்குவது என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்திருந்தன. 2005 ஜனவரி 1 அன்று அந்த முறை முடிந்தபோது இலங்கையின் ஆடைத் தொழிலும் முடிந்தது என்று பலர் எழுதினார்கள், முடியவில்லை. 2010இல் ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை போனது, 2017இல் திரும்பி வந்தது. வர்த்தகத் தடை என்றால் என்ன என்று வெளிநாட்டு நிபுணர்கள் கொழும்பில் வகுப்பெடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். போர்க்காலத் தடையால் பற்றரியும் பெற்றோலும் வராத ஊரில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனத்துக்கு அதில் வகுப்பு வேண்டுமா?

மிச்சப் பாதி கண்ணுக்குத் தெரியாத சரக்கு. ஒரு படம் சீடி வட்டாக வந்தால் சுங்கம் வரி கேட்கலாம், அதே படம் இணையத்தால் இறங்கினால் கேட்க முடியாது. மின்வழியாக அனுப்புவதற்குச் சுங்கவரி வேண்டாம் என்று 1998இல் உலக வர்த்தக நிறுவனம் தற்காலிகமாக முடிவெடுத்தது. அந்தத் தற்காலிகத்தை மாநாட்டுக்கு மாநாடு நீட்டி, 2024இல் அபுதாபியிலும் பெரிய இழுபறிக்குப் பிறகு நீட்டினார்கள். இதனால் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1,000 கோடி டொலர் அளவில் இழக்கின்றன என்று ஐ.நா.வின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பான அங்க்டாட்டின் 2019 ஆய்வு சொன்னது. இழப்பு மிகச் சிறியது என்று பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் ஆய்வாளர்கள் சொன்னார்கள். என்னைக் கேட்டால், எந்தக் கோப்பு எந்த எல்லையைத் தாண்டியது என்று துரத்துவதைவிட வற் என்கிற பெறுமதி சேர் வரி போடுவது சுலபம். இதை நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். அம்மா இருந்திருந்தால் சுரைக்காய்க் கதையைத்தான் திரும்பச் சொல்லியிருப்பா.

சரி, கறிக்கு வருவோம். தீவுப் பக்கத்தில் ஒரு அக்கா பனையோலையில் கடகமும் பெட்டியும் இழைக்கிறா. பெயர் சொல்லமாட்டேன், எந்த வரிசையில் இருக்கிறா என்றும் சொல்லமாட்டேன். (சிரிப்பு.) மகள் படத்தை முகநூலில் போட, ஜெர்மனியில் ஒரு கடைக்காரி கடகம் கேட்டா. எதற்கு என்று கேட்டால், அழுக்குத்துணி போட! நெல் அள்ளுகிற கடகம்! அக்காவுக்குக் கோபம், ஆனாலும் அனுப்பிவிட்டா. காசு எப்படி வரும்? வங்கியால் அனுப்பினால் அந்தச் சின்னத் தொகைக்குக் கட்டணம் கட்டுப்படியாகாது. இணையப் பணப்பையால் என்றால், அவர்கள் சொன்ன பணப்பையில் இங்கிருந்து காசு கட்டலாம், வாங்க முடியாது. சரியென்று பாரிசில் இருக்கிற மச்சானின் பணப்பைக்குப் போடச் சொன்னார்கள். போட்டதும், பெட்டி விற்றவர் பெயர் வேறு, காசு வாங்கியவர் பெயர் வேறு என்று கணக்கை முடக்கிவிட்டார்கள். மச்சானின் மனைவி, யாரந்த ஜெர்மன்காரி என்று வீட்டில் விசாரணை வைத்துவிட்டா. (பலத்த சிரிப்பு.) எல்லாம் தெளிந்து, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த யாரோ ஒருவரின் கைப்பையில் யூரோ நோட்டாகக் காசு வந்து சேர்ந்தது. அக்கா சந்தோசமாக அடுத்த ஓடர் எப்போது என்று கேட்டா. கடைக்காரி வியட்நாமில் வாங்கத் தொடங்கியிருந்தா.

இதில் எந்த உலக ஒப்பந்தமும் குறுக்கே நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 2005இல் கொடுப்பனவு முறைகளுக்குச் சட்டம், 2017இல் வெளிநாட்டுச் செலாவணிக்குச் சட்டம், இரண்டும் அழகாக அச்சடித்து இருக்கின்றன. ஏட்டுச் சுரைக்காய்! 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவிலிருந்து வருபவர் நம் கடைகளில் யூபிஐ என்ற இந்தியக் கைபேசிக் கொடுப்பனவு முறையால் கட்டலாம், நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது கடைக்கு முன்னால் வந்து நிற்பவருக்கு. ஓலைப்பெட்டி வாங்க ஒருவர் ஜெர்மனியிலிருந்து விமானம் ஏறுவாரா? பணச்சலவை நடக்கும் என்று பயம் காட்டுவார்கள். கைப்பையிலும், வங்கிக்கு வெளியே ஆள் மாற்றி வருகிற உண்டியலிலும் வருகிற காசுக்கு மட்டும் பதிவு இருக்கிறதா? சிறு தொகையை வெளிநாட்டிலிருந்து நேரடியாக, குறைந்த கட்டணத்தில் வாங்க ஒரு கணக்கு, அதற்குத் தமிழில் ஒரு படிவம். நான் கேட்பது இவ்வளவுதான், முகாமையாளர் ஐயாவும் தலையாட்டுகிறார், தலைமை அலுவலகத்துக்கும் ஆட்டிக் காட்டினால் நல்லது.

தரவுச் சட்டம் பற்றி... 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாக வந்தது, முக்கியமான பிரிவுகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள், அவ்வளவு சொன்னால் போதும். படிப்பு விடயம் பேச நேரமில்லை, தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். புள்ளிவிபரவியலை மட்டும் விடாதீர்கள், மிச்சத்தைக் கீழே இறங்கியதும் கேளுங்கள்.

அந்தச் சிறு தொகைக் கணக்கைக் கேட்டு மத்திய வங்கிக்கு எழுதிய மனு தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழிலேயே கையெழுத்துப் போடலாம். வெளிநாட்டுக்கு விற்றுக் காசுக்கு அலைந்தவர்கள் ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் மனுவோடு இணைப்பேன். நாள், தொகை, எவ்வளவு கழிந்தது என்று மட்டும் எழுதுங்கள், திட்டுவதை நான் எழுதிக்கொள்கிறேன்.