முதலில் கிழங்கு, அப்புறம் ஸ்டேக்

வணக்கம் நேயர்களே. ஏர் ஃப்ரையரில் ஒரு ஸ்டேக், அதாவது கனமான மாட்டிறைச்சித் துண்டு, கூடவே உருளைக்கிழங்கு. இரவுச் சாப்பாட்டுக்கு இது போதும், கிழங்கை ஊறவைக்கும் நேரம் போக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் எதை முதலில் போடுவது என்பதிலும், ஈரத்தை எப்படிப் போக்குவது என்பதிலும்தான் ருசி இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் மேலே ஒரு சூடேற்றும் கம்பி, அதோடு ஒரு விசிறி. சூடான காற்று உணவைச் சுற்றி வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். இறைச்சியின் மேல் ஈரம் இருந்தால், அது ஆவியாகும்வரை மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவந்து மணக்க வேண்டுமானால் சுமார் 140 டிகிரியாவது வேண்டும். இந்த வேதிவினையை 1912-இல் விவரித்தவர் லூயி மயார் என்ற பிரெஞ்சு அறிஞர். ஆகவே இறைச்சியைச் சுத்தமான துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். உப்பைச் சமைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே தடவுங்கள், இல்லையென்றால் போடுகிற நொடியில் தடவுங்கள். இடைப்பட்ட நேரத்தில் தடவினால், உப்பு வெளியே இழுத்த நீர் மேலேயே தேங்கி நிற்கும்.

முதலில் கிழங்கு. அதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் மேலுள்ள மாவுச்சத்து கழன்றுவிடும். துடைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் புரட்டி, 200 டிகிரியில் இருபது நிமிடம். நடுவில் ஒருமுறை குலுக்குங்கள். கூடையை நிரப்பிவிடாதீர்கள், காற்று போக வழி வேண்டும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருக விட்டால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும்.

இப்போது கூடை நல்ல சூட்டில் இருக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள ஸ்டேக்கில் எண்ணெய் தடவி அதே 200 டிகிரியில் வையுங்கள். நான்கு நிமிடத்தில் திருப்பிப் போடுங்கள். மொத்தம் எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும், ஆனால் கருவிக்குக் கருவி மாறும். கடிகாரத்தை நம்பாமல் ஒரு இறைச்சி வெப்பமானி வாங்கிவிடுங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். நடுப்பகுதி 54 டிகிரியில் எடுத்தால், வெளியே இருக்கும்போதே மேலும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு குழந்தைகளும் சாப்பிடுவதானால் 63 டிகிரி வரை போய், மூன்று நிமிடமாவது ஆற விடுங்கள். அமெரிக்க வேளாண் துறை எல்லோருக்குமே சொல்லும் அளவு இதுதான்.

வாணலியில் வருகிற மொறுமொறுப்பான மேல்பட்டை இதில் அப்படியே வராது. ஆனால் எண்ணெய் தெறிக்காது, வீடெல்லாம் புகையும் சேராது. வேலை நாள் இரவுக்கு அது பெரிய நிம்மதி.

ஸ்டேக் ஐந்து நிமிடம் ஆறட்டும். அந்த இடைவெளியில் கிழங்கை மறுபடி உள்ளே தள்ளி மூன்று நிமிடம் சூடாக்குங்கள். மிளகையும் பூண்டு வெண்ணெயையும் இப்போது சேருங்கள், முன்பே போட்டால் பூண்டு கருகிக் கசக்கும். பிறகு இறைச்சியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். தட்டில் வடிந்த சாற்றைக் கிழங்கின் மேல் ஊற்றிப் பரிமாறுங்கள். வணக்கம்.