பிட்கெய்ர்ன்: கப்பலை எரித்தவர்களும் ஊரைக் கட்டியவர்களும்

[திரை: பசிபிக் பெருங்கடல் வரைபடம். நெருங்க நெருங்க ஒரே ஒரு புள்ளி.]

இந்தப் புள்ளிதான் பிட்கெய்ர்ன் தீவு. பரப்பளவு சுமார் 5 சதுர கிலோமீட்டர். டாஹிட்டியிலிருந்து கிழக்கே 2,000 கிலோமீட்டருக்கும் மேல். 1767இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் இதைப் பார்த்தது. ஆனால் அலை விடவில்லை, யாரும் இறங்கவில்லை. வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனார்கள். அதையும் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளிக் குறித்துவிட்டார்கள். அந்தப் பிழை இல்லையென்றால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை.

[திரை: பாய்மரக் கப்பல்]

கப்பலின் பெயர் பவுண்டி. கேப்டன் வில்லியம் பிளை. வந்த வேலை, டாஹிட்டியிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை எடுத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போவது. இலங்கையில் ஈரப்பலா என்பார்களே, அதேதான். அங்கே கரும்புத் தோட்ட அடிமைகளுக்குச் செலவில்லாமல் சோறு போடலாம் என்று முதலாளிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். 1789 ஏப்ரல் 28, டோங்கா அருகே கலகம் வெடித்தது. பிளையையும் அவர் பக்கம் நின்ற 18 பேரையும் ஒரு படகில் இறக்கிவிட்டார்கள். அவர் அந்தப் படகிலேயே தீமோர் வரை போய்ச் சேர்ந்தது பெரிய கதை. இப்போது அது வேண்டாம்.

கலகத்துக்குத் தலைமை தாங்கியவர் பிளெட்சர் கிறிஸ்டியன். பிடிபட்டால் தூக்கு என்று அவருக்குத் தெரியும். துபுவாய் தீவில் குடியேறப் பார்த்தார், அங்கிருந்த மக்களோடு சண்டையாகி அது நடக்கவில்லை. டாஹிட்டிக்குத் திரும்பினார். கலகக்காரர்களில் பலர் அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். மீதி ஒன்பது பேர் கப்பலில்.

அடுத்து நடந்ததைச் சினிமாக்காரர்கள் காதல் கதையாகக் காட்டுவார்கள். அந்தக் கப்பலில் இருந்த ஜென்னி என்ற டாஹிட்டிப் பெண் பிற்பாடு சொன்னது வேறு. விருந்துக்கு வந்த பெண்கள் கப்பலில் இருக்கும்போதே நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டார்கள். ஒருத்தி கடலில் குதித்து நீந்திப் போய்விட்டாள். வயதான பெண்களைப் பக்கத்துத் தீவில் இறக்கிவிட்டார்கள். மற்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

[திரை: செங்குத்துப் பாறைகள், நுரைக்கும் அலை]

1790 ஜனவரியில் பிட்கெய்ர்ன். வரைபடத்தில் தப்பான இடத்தில் குறித்த தீவு, தேடி வருபவர்களிடம் எளிதில் சிக்காது. ஒன்பது ஆங்கிலேயர்கள், டாஹிட்டி போன்ற பசிபிக் தீவுகளைச் சேர்ந்த பொலினீசிய ஆண்கள் ஆறு பேர், பெண்கள் 12 பேர், ஒரு கைக்குழந்தை. மனித வாசனையே இல்லாத தீவு அல்ல இது. முன்பே பொலினீசியர்கள் வாழ்ந்து, விட்டுப் போயிருந்தார்கள். கல் மேடைகளும் கல் கருவிகளும் கிடந்தன. கப்பலிலிருந்து பன்றி, ஆடு, கோழி, இரும்பு, கொல்லுலை எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு, ஜனவரி 23 அன்று கப்பலுக்குத் தீ வைத்தார்கள். கடலில் போகும் யார் கண்ணிலும் அது படக்கூடாது. சரி, இனி யாரும் எங்கேயும் போக முடியாது.

இங்கேதான் ஒரு கேள்வி. இந்த இடத்தில் வாழத் தெரிந்தவர் யார்? மாலுமிகளுக்குக் கயிறும் பாயும் தெரியும், கொல்லுலை வேலை கொஞ்சம் தெரியும். மண்ணில் குழி தோண்டி, கல்லைச் சுட வைத்து, இலையில் பொதிந்து கிழங்கு வேகவைப்பது பெண்களுக்குத் தெரியும். மரப்பட்டையை ஊறவைத்து, கட்டையால் அடித்து அடித்துத் துணியாக்குவதும் அவர்களுக்குத்தான் தெரியும். கப்பல் துணி கிழிந்த பிறகு ஊரே உடுத்தியது அந்த ‘தாபா’ துணியைத்தான். எண்ணெய்க் கொட்டைகளைத் தென்னை ஈர்க்கில் கோத்துக் கொளுத்தினால் அதுதான் விளக்கு.

ஆண்கள் செய்த முதல் பெரிய வேலை நிலத்தைப் பிரித்தது. ஒன்பது பங்கு. ஒன்பதும் ஆங்கிலேயர்களுக்கு. பொலினீசிய ஆண்கள் ஆறு பேருக்கும் ஒரு சாண் நிலம் இல்லை, கூலியில்லாத வேலையாட்கள். பெண்களையும் அதே கணக்கில் பங்கு போட்டார்கள். ஆங்கிலேயர் ஒவ்வொருவருக்கும் ஒருத்தி, மற்ற ஆறு பேருக்கும் சேர்த்து மூன்று பேர். அப்புறம் ஓர் ஆங்கிலேயரின் துணைவி பறவை முட்டை எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்தாள். அவர் அந்த மூவரில் ஒருத்தியைப் பறித்துக்கொண்டார். பகை மூண்டது.

1793 செப்டம்பரில் ஒரே நாளில் ஐந்து ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டார்கள், கிறிஸ்டியனும் அதில் ஒருவர் என்றே சொல்லப்படுகிறது. கொஞ்ச நாளில் பொலினீசிய ஆண்கள் ஒருவர்கூட மிச்சமில்லை. அடுத்த வருஷம் பெண்கள் தாங்களே ஒரு படகு செய்து தப்பிக்கப் பார்த்தார்கள். இறக்கியதுமே கவிழ்ந்தது. ‘கலகம்’ என்று தேடினால் கப்பல் கலகம்தான் வருகிறது. என்னைக் கேட்டால் இந்தப் படகையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மிச்சமிருந்த நால்வரில் மெக்காய் ஒரு செடியின் கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சக் கற்றுக்கொண்டார். அதன் போதையிலேயே பாறையிலிருந்து விழுந்து செத்தார். குவின்டல் கோடரிக்குப் பலியானார். யங் 1800இல் ஆஸ்துமாவில் போனார். ஜான் ஆடம்ஸ் மட்டும் இருந்தார், கப்பலிலிருந்து வந்த ஒரு பைபிளோடு.

[திரை: சிறு படகில் மூன்று இளைஞர்கள்]

1808 பிப்ரவரி. அமெரிக்கக் கப்பல் டோபாஸ் இந்தப் பக்கம் வந்தது. ஆளில்லாத தீவு என்று நினைத்திருந்த கேப்டன் ஃபோல்கரை நோக்கி ஒரு படகு வந்தது. அதில் இருந்த இளைஞர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள்! தீவில் சுமார் 35 பேர், பெரும்பாலும் பிள்ளைகள். செய்தி பரவியதும் புகழெல்லாம் ஆடம்ஸுக்குப் போனது, திருந்திய பாவி, ஊரின் தகப்பன் என்று. இன்றும் ஊரின் பெயர் ஆடம்ஸ்டவுன்தான். அத்தனை பிள்ளைகளுக்கும் சோறும் துணியும் விளக்கும் தந்த பெண்களின் பெயரில் ஊர் எதுவும் இல்லை.

1838இல் வந்த பிரிட்டிஷ் கேப்டன் எலியட் எழுதிக் கொடுத்த சட்டத்தில் பெண்களுக்கும் வாக்குரிமை இருந்தது. பிரிட்டனில் அது வர இன்னும் 80 வருஷம். அதைக் கேப்டனின் பெருந்தன்மை என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

1856இல் இடநெருக்கடியால் எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்போக் தீவுக்குப் போனார்கள், சில குடும்பங்கள் திரும்பிவிட்டன. 2004இல் சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக இங்கே ஆறு ஆண்கள் தண்டிக்கப்பட்டார்கள். சொர்க்கத் தீவு என்று சொல்பவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. இப்போது அங்கே 50 பேர்கூட இல்லை.

[திரை: ஈர்க்கில் கோத்த கொட்டைகள், சிறு சுடர்]

அவர்கள் பேசும் மொழி பிட்கெர்ன். பெரும்பகுதி பழைய ஆங்கில மாலுமிப் பேச்சு, தகப்பன்மார் தந்தது. ஆனால் செடி, மீன், சமையல் என்று வந்துவிட்டால் சொல் டாஹிட்டியன். அந்த விளக்குக் கொட்டையை அவர்கள் இன்றும் ‘டுட்வி’ என்றுதான் சொல்கிறார்கள்.