வியாழக்கிழமை மூன்றரை மணி

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

அர்ஜென்டினாவின் தலைநகரம் புவெனஸ் ஐரிஸ் போய்வந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்று நூலகத்தார் கேட்டார்கள். மரடோனாவின் நாடு, மெஸ்ஸியின் நாடு என்பதால் இளைஞர்கள் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். கால்பந்தும் வரும், கொஞ்சம் பொறுங்கள். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த ஊரின் ஒரு சதுக்கத்தைப் பற்றி. அங்கே வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு நடப்பதைப் பற்றி. போகிற வழியில் ஊரையும் சுற்றிப் பார்த்துவிடலாம்.

நானும் என் மனைவியும் ஒரு நவம்பரில் போனோம். நமக்கு அடைமழைக் காலம், அவர்களுக்கு வசந்தம் முடிந்து கோடை வரப்போகிற நேரம். இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே காலை ஒன்பதரை. போக வேண்டும் என்று நினைப்பவர்கள் நவம்பரிலேயே போங்கள். ஜக்கரண்டா மரங்கள் பூத்திருக்கும். பெரிய சாலைகளின் ஓரம், பூங்காக்கள், எங்கே திரும்பினாலும் ஊதா. 1891 முதல் அந்த நகரத்தின் பூங்காக்களைக் கவனித்துக்கொண்ட கார்லோஸ் தாய்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வடக்குக் காடுகளில் இருந்த மரங்களை ஊருக்குள் கொண்டுவந்து நட்டார். நூறு வருடம் கழித்து நம்மைப் போல யாரோ நடந்துபோவார்கள் என்று நட்டிருக்கிறார் பாருங்கள். காலையில் வாசல் பெருக்குகிறவர்கள் அந்தப் பூக்களைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தால் மேலே கால் வைக்க மனசு வராது.

ஊர் சமதரை. தெருக்கள் சதுரங்கக் கட்டம் மாதிரி. நடக்கத் தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்ல ஊர் இல்லை. ஜூலை 9 சாலை என்று ஒன்று, அகலம் ஏறத்தாழ 140 மீட்டர். ஒரே சிக்னலில் கடந்துவிட முடியாது, நடுவில் ஒரு தடவை நின்றுதான் போக வேண்டும். அதன் நடுவில் ஒபெலிஸ்கோ என்ற வெள்ளைத் தூண், 1936இல் ஒரே மாதத்தில் கட்டியது. கால் வலித்தால் கீழே இறங்கி மெட்ரோ பிடிக்கலாம். அதை அவர்கள் ‘சுப்தே’ என்கிறார்கள். முதல் பாதை 1913இல் ஓடத் தொடங்கியது. லத்தீன் அமெரிக்காவிலேயே அதுதான் முதல் சுரங்க ரயில்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாட்டிறைச்சிக்குப் பேர்போன நாடு, நாங்கள் இருவரும் சைவம். பட்டினி கிடக்கவில்லை. இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கில் குடியேறியவர்கள் பீட்சாவையும் கையோடு கொண்டுவந்தார்கள். கொரியெந்தெஸ் என்று ஒரு சாலை. நாடக அரங்கு, புத்தகக் கடை, பீட்சாக் கடை மூன்றும் அடுத்தடுத்து. அங்கே ‘ஃபுகாசேத்தா’ என்று கேளுங்கள். மாவுக்குள் பாலாடைக்கட்டியை அடைத்து, மேலே வெங்காயத்தை வண்டியளவு பரப்பிச் சுட்டது. அதோடு ‘ஃபைனா’ என்று ஒரு துண்டு தருவார்கள். வாயில் போட்டதும் என் மனைவி, “இது கடலை மாவு” என்றாள். கடலை மாவேதான். கரைத்துத் தட்டில் ஊற்றிச் சுட்டிருக்கிறார்கள். அதைப் பீட்சாவின் தலையில் வைத்து இரண்டையும் சேர்த்துக் கடிப்பது அவர்கள் வழக்கம். அப்புறம் ‘துல்சே தே லெச்சே’. பாலையும் சர்க்கரையையும் மணிக்கணக்கில் காய்ச்சிச் சுண்டவைத்தது. நம் திரட்டுப்பாலின் இளகிய பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன்னால் கிடையாது. எட்டு மணிக்குப் போனால் உணவகத்தில் நாற்காலியைத்தான் துடைத்துக்கொண்டு இருப்பார்கள்.

பலெர்மோ பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் எங்களுக்கு மாத்தே கொடுத்தது. சுரைக்குடுக்கையில் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவது. ஒரே குடுக்கை, ஒரே குழல், கைமாறிக்கொண்டே வரும். ஒருவர் மட்டும்தான் ஊற்றுவார். நன்றி சொல்லிவிட்டால் ‘எனக்குப் போதும்’ என்று பொருள். அடுத்த சுற்றில் உங்களுக்கு வராது. முகம் தெரியாத நம்மை அந்தச் சுற்றுக்குள் சேர்த்துக்கொண்டார்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

சரி, இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

சுற்றுலாப் பயணிகள் தவறாமல் போகிற இடங்களில் ஒன்று ரெக்கோலெட்டா கல்லறைத் தோட்டம். பணக்காரக் குடும்பங்களின் கல்லறைகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன மாளிகை. நடுவில் தெருக்கள், முச்சந்திகள், அங்கங்கே வெயில் காயும் பூனைகள். கூட்டம் ஒரு கறுப்புக் கல்லறையின் முன்னால் நிற்கும். குடியரசுத் தலைவராக இருந்த ஹுவான் பெரோனின் மனைவி எவிட்டா பெரோனின் கல்லறை. 1952இல், 33 வயதில் புற்றுநோயால் இறந்தவர். ஏழைகள் அவரைக் கும்பிட்டார்கள். உடலைப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். 1955இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அந்த உடலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் இத்தாலியில், மிலான் நகரத்தில், வேறொரு பெண்ணின் பெயரில் புதைத்தார்கள். 1971இல்தான் தோண்டி எடுத்துக் கணவரிடம் ஒப்படைத்தார்கள். 1976இல் ரெக்கோலெட்டாவுக்கு வந்து சேர்ந்தது. இப்போது தரைக்கு வெகு கீழே இருக்கிறது, இன்னொரு முறை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று. அந்தக் கம்பிக் கதவில் புதுப் பூ செருகியிருந்தது.

வழிகாட்டிகள் இந்தக் கதையை விறுவிறுப்பாகச் சொல்கிறார்கள். எனக்கு அது முன்கதையாகத்தான் பட்டது. உடலை ஒளித்துவைத்தால் அந்த மனிதரே இல்லாமல் போய்விடுவார் என்று அங்கே ஒரு கூட்டம் நம்பியிருக்கிறது. எவிட்டாவின் உடல் ரெக்கோலெட்டாவுக்குப் போன அதே 1976, மார்ச் 24ஆம் தேதி, ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. இந்த முறை ஆயிரக்கணக்கில் ஒளித்தார்கள்.

இளைஞர்கள், மாணவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், பத்திரிகையாளர்கள். ராத்திரியில் வீட்டுக்கு வந்து அழைத்துப் போவார்கள். காவல் நிலையத்தில் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்பார்கள். இப்படிப் பிடித்துப் போனவர்களைத்தான் அங்கே ‘காணாமல் போனவர்கள்’ என்கிறார்கள். 1983இல் மக்களாட்சி திரும்பியபின் அமைத்த விசாரணைக் குழு, ஏறத்தாழ 9,000 பேரைப் பெயரோடு பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000.

நகரின் வடக்கே, லிபெர்தாதோர் சாலையில் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகம். எஸ்மா. கடற்படை இயந்திரவியல் பள்ளி. வெளியே பார்த்தால் நம் ஊர் பழைய கல்லூரி மாதிரி வெள்ளைத் தூண்கள். அதன் அதிகாரிகள் தங்கும் கட்டடத்தில்தான் பிடித்தவர்களை அடைத்து வைத்தார்கள். ஏறத்தாழ 5,000 பேர் அதற்குள் போனார்கள், மிகச் சிலரே உயிரோடு வந்தார்கள். இன்று அது அருங்காட்சியகம். 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மேல்மாடியில் கூரை தாழ்ந்த ஒரு நீளமான இடம், கண்ணைக் கட்டிக் காலில் விலங்கு பூட்டிப் படுக்க வைத்த இடம். அங்கே யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வகுப்பே வந்திருந்தது, அவர்களும் பேசவில்லை.

கால்பந்து வரும் என்றேன் அல்லவா? அங்கேதான் வருகிறது. 1978 உலகக் கோப்பையை அர்ஜென்டினாதான் நடத்தியது, அர்ஜென்டினாதான் வென்றது. நெதர்லாந்தை 3-1 என்று தோற்கடித்தார்கள், கெம்பெஸ் இரண்டு கோல். அந்த இறுதி ஆட்டம் நடந்த மைதானம் எஸ்மாவிலிருந்து நடந்து போகிற தூரம். கோல் விழுந்தபோது எழுந்த ஆரவாரம் உள்ளே அடைபட்டிருந்தவர்கள் காதிலும் விழுந்தது. தப்பி வந்தவர்கள் அதைச் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சின்ன வயதிலிருந்து கால்பந்து பார்க்கிறவன். கெம்பெஸ் கையை உயர்த்திக்கொண்டு ஓடுகிற அந்தப் படத்தை இனிமேல் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை.

வளாகத்தில் ஒரு சின்ன விமானம் நிறுத்தியிருக்கிறது. பெட்டி போலச் சதுரமான உடம்பு, ஸ்கைவேன் ரகம். கைதிகளுக்கு மயக்க ஊசி போட்டு, விமானத்தில் ஏற்றி, உயிரோடு கடலிலும் ஆற்று முகத்திலும் தள்ளினார்கள். அதற்குப் பயன்பட்ட விமானங்களில் ஒன்றைப் பின்னாளில் அமெரிக்காவில் கண்டுபிடித்து, 2023இல் திருப்பிக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஆறு என்றால் ரியோ தெ லா பிளாட்டா. பெயருக்கு வெள்ளி ஆறு என்று அர்த்தம், நிறம் என்னவோ வண்டல் கலந்த பழுப்பு. எதிர்க்கரை தெரியாது. அதன் கரையில் நினைவுப் பூங்கா இருக்கிறது, தயவுசெய்து போங்கள். நீண்டு மடங்கிப் போகும் சுவர்களில் கல் பலகைகள், மொத்தம் 30,000. வருடவாரியாகப் பெயர்கள், பக்கத்தில் வயது. 17, 22, 19. சில பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் ‘கர்ப்பிணி’ என்றும் பொறித்திருக்கிறது. பெயர் தெரியாதவர்களுக்காகப் பல்லாயிரம் பலகைகளை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள்.

சுவர் முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீர் மேல் ஒரு பையன் நிற்பான். பளபளப்பான எஃகில் செய்த சிலை. பாப்லோ மிகெஸ், 14 வயதில் அம்மாவோடு பிடித்துக்கொண்டு போனார்கள், 1977இல். கிளாடியா ஃபோன்தெஸ் என்ற சிற்பி செய்தது. முகம் நமக்குத் தெரியாது, முதுகைக் காட்டிக்கொண்டு தொடுவானத்தைப் பார்த்து நிற்கிறான். தண்ணீரின் வெளிச்சம் எஃகில் பட்டு உடம்பெல்லாம் அசைகிறது. மேகம் வந்தால் ஆற்றோடு ஆறாகி மறைந்துவிடுகிறான். வெயில் வந்ததும் திரும்ப வருகிறான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றோம்.

இப்போது சதுக்கம். பிளாசா தெ மாயோ. ஒரு பக்கம் இளஞ்சிவப்பு நிறத்தில் குடியரசுத் தலைவரின் அலுவலகம், காசா ரொசாடா. நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைத் தூண். 1977 ஏப்ரல் 30ஆம் தேதி, 14 அம்மாக்கள் அங்கே வந்து நின்றார்கள். என் பிள்ளை எங்கே என்று கேட்க வந்தவர்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்றது போலீஸ். நடந்தார்கள். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, அந்தத் தூணைச் சுற்றி நடந்தார்கள். நடக்கச் சொன்னது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த வருட அக்டோபரில் லுகான் மாதா கோயிலுக்குப் பல்லாயிரம் பேர் பாதயாத்திரை போனார்கள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள அம்மாக்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அது குழந்தைகளுக்குக் கட்டும் இடுப்புத்துணி. தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டியதை எடுத்து வைத்திருந்த தாய்மார்கள் இருந்தார்கள். பிறகு அதுவே அவர்கள் அடையாளமானது. முதலில் எல்லோரையும் திரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர் என்ற அம்மாவையும் அந்த டிசம்பரில் பிடித்துக்கொண்டு போனார்கள். உடல் கடற்கரையில் ஒதுங்கியது, பெயர் தெரியாதவர் என்று புதைத்தார்கள். 2005இல் தடயவியல் மானுடவியலாளர்கள் எலும்புகளை வைத்து அவர்தான் என்று உறுதி செய்தார்கள். அவர் சாம்பல் அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பாட்டிகள் தனியாக ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். சிறையில் பிறந்த குழந்தைகளை ராணுவக் குடும்பங்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பேரப் பிள்ளைகளைத் தேடுவது இவர்கள் வேலை. அப்பா அம்மா உயிரோடு இல்லை, தாத்தா பாட்டியின் ரத்தத்தை வைத்து உறவை நிரூபிக்க முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள். முடியும் என்று ஒரு முறையே பிறந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நாங்கள் போன வியாழக்கிழமை நல்ல வெயில். தரையில் தூணைச் சுற்றி வெள்ளைத் தலைத்துணிகளை வரைந்திருக்கிறார்கள். மூன்றரை மணிக்குச் சுற்று தொடங்கியது. அம்மாக்கள் 1986இல் இரண்டு அணியாகப் பிரிந்தவர்கள். ஆனாலும் இரண்டு அணியும் அதே நாளில், அதே நேரத்தில், அதே தூணைத்தான் சுற்றுகிறது. தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள், விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் மிச்சம். அவர்களைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். எல்லோரும் சேர்ந்து “பிரெசெந்தே” என்பார்கள். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ என்போமே, அதே சொல். பிள்ளை இல்லை, பிள்ளைக்காக மற்றவர்கள் சொல்கிறார்கள்.

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கிளிநொச்சி அம்மாக்கள்” என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2017 பிப்ரவரியில் இலங்கையின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரக் கொட்டகையில், காணாமல் போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களே, அந்த அம்மாக்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். புவெனஸ் ஐரிஸ் போவதற்கு நாங்கள் இத்தனை ஆயிரம் ரூபாய் சேர்த்தோம். கிளிநொச்சி நமக்கு எவ்வளவு பக்கம்! அங்கே நான் இன்னும் போகவில்லை. வருகிற ஆண்டு போகிறேன்.

நாங்களும் சுற்றில் சேர்ந்து நடந்தோம். யாரும் யார் என்று கேட்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் வியாழக்கிழமை ஊரில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். சுப்தேயில் ஏ பாதையின் கடைசி நிலையம் பிளாசா தெ மாயோ, ஏறி வந்தால் சதுக்கத்துக்கே வந்துவிடலாம். மூன்று மணிக்கே போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், தூணுக்குப் பக்கத்தில் நிழல் கிடையாது.