வெட்டிய மலையில் கூடையோடு நிற்பவர்கள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மழையில் நனைந்து வந்து முன்வரிசையை நிரப்பியிருக்கும் தாய்மாருக்குத் தனி வணக்கம். எதிரணியில் மூவர் இருக்கிறார்கள். முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டேன். நடுவில் அமர்ந்திருக்கும் ஆசிரியருக்கு உரிய வணக்கத்தை மட்டும் உரை முடியும்வரை நிலுவையில் வைக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டும் ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் பருவத்தின் தொடக்கத்திலேயே அடுத்தடுத்துத் தோற்றால் இரசிகர் பொறுக்க வேண்டுமா, பொங்க வேண்டுமா என்பது தலைப்பு. பொறுக்க வேண்டும் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். சோறு பத்து நிமிடம் பிந்தினால் பானையைத் திறந்து பார்க்கும் ஆளிடமா பொறுமையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் என்று கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. ஆகவே என் பொறுமையை நான் சான்றாகக் காட்டப் போவதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து மாமாவின் பொறுமையின்மையைத்தான் சான்றாகக் கொண்டுவந்திருக்கிறேன்.

பெயர் சொல்ல மாட்டேன். மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டீர்கள், பரவாயில்லை. மாமா இலண்டன் கழகமான ஆர்சனலின் இரசிகர். அவர் எப்படி ஆர்சனல் இரசிகரானார் என்பதே ஒரு வரலாறு. ஹட்டன் நடைபாதைக் கடையில் சிவப்பாக ஒரு சட்டை தொங்கியது, மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டார். மன்செஸ்டர் யுனைட்டட்டும் சிவப்பு, லிவர்பூலும் சிவப்பு. வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடம் போகும் மகன் நெஞ்சிலிருந்த சின்னத்தை எழுத்துக்கூட்டி வாசித்த பிறகுதான், தாம் எந்தக் கழகத்தின் தீவிர ஆதரவாளர் என்பது மாமாவுக்கே தெரியவந்தது.

இனி 2021 ஆகஸ்ட் மாதத்துக்கு வாருங்கள். ஆர்சனல் அந்தக் கோடையில் அணியைப் புதுப்பித்தது. வாங்கிய ஆறு பேரில் ஒருவர்கூட 23 வயதைத் தாண்டியவர் அல்லர். முதல் ஆட்டம் ஆகஸ்ட் 13ஆம் திகதி, நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை மணி. எதிரே பிரென்ட்போர்ட், 74 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்தரப் பிரிவுக்குத் திரும்பிய கழகம். ஆர்சனல் இரண்டு கோல்களால் தோற்றது. மாமா சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். இரண்டாவது ஆட்டம் செல்சியுடன், மறுபடியும் இரண்டு. மாமா சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அணிவதற்கு அன்று, சட்டி இறக்கும் துணியாக வைத்துக்கொள் என்று அத்தையிடம் கொடுப்பதற்கு. மூன்றாவது ஆட்டம் மன்செஸ்டர் சிற்றியுடன், மாலை ஐந்து மணிக்கு. ஐந்து மணிக்குத் தொடங்கியதாலோ என்னவோ, ஐந்து கோல்கள் விழுந்தன. மூன்று ஆட்டம், போட்ட கோல் பூச்சியம், வாங்கிய கோல் ஒன்பது, புள்ளிப்பட்டியலில் இருபதாவது இடம், அதாவது கடைசி. மாமா அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் கீழிருந்த சட்டையை உருவி, லயத்துப் பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானில் வீசிவிட்டு வந்து படுத்தார்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் மாமாவின் தொழிலைச் சொல்ல வேண்டும். மாமா கவ்வாத்துக்காரர். தாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருப்பதால் ஒரு விளக்கம். பனைக்குக் கவ்வாத்து இல்லை. தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும். ஆகையால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மலை முழுவதையும் கத்தியால் வெட்டிக் குச்சிகளாக நிறுத்துவார்கள். பச்சையாகக் கிடந்த மலை ஒரே வாரத்தில் சுடுகாடாகத் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் இந்தத் தோட்டம் அழிந்தது என்றே நினைப்பார். மொட்டு விட்டு, தளிர் வந்து, மறுபடியும் கூடை ஏறுவதற்கு இங்கே மூன்று நான்கு மாதமாவது செல்லும். இதைச் சிறுவயது முதல் தன் கையாலேயே செய்து வருபவர் எங்கள் மாமா. பகலில் ஒரு மலையை மொட்டையடித்துவிட்டு, துளிர்க்கும், துளிர்க்கும் என்று நிம்மதியாக வெற்றிலை போடுகிறவர், இரவில் ஓர் அணி மூன்று வாரத்தில் துளிர்க்கவில்லை என்று சட்டையைக் கானில் வீசுகிறார்!

அத்தை அதைக் கண்டார். கானிலிருந்து எடுத்தார், துவைத்தார். ஆகஸ்ட் மாத ஹட்டனில் துணி காய்வதாவது! அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டார். செப்டெம்பர் 11ஆம் திகதி ஆர்சனல் நோர்விச்சை ஒரு கோலால் வென்றது. மாமா மெல்ல அடுப்படிக்கு வந்தார். எதையோ தேடுபவர்போல நின்றார். 'அந்தச் சட்டை எங்கே?' என்று கேட்டார். அத்தை ரொட்டியைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: 'நீங்கள் வெட்டிய மலையில், மறுநாளே நான் கூடையோடு போய் நின்றதுண்டா?'

எதிரணியினர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் மறுபடியும் சொல்கிறேன். வெட்டியவர் மாமா; கொழுந்து பறிப்பவர் அத்தை. வெட்டிய மறுநாள் அத்தை கூடையோடு அந்த மலையில் போய் நின்று, 'கொழுந்து எங்கே, கொழுந்து எங்கே' என்று குச்சிகளைத் திட்டியிருந்தால் மாமா என்ன சொல்லியிருப்பார்? வைத்தியரிடம் கூட்டிப் போயிருப்பார். ஆனால் அதே மாமா தொலைக்காட்சிக்கு முன்னால் கூடையோடு நிற்கிறார். எதிரணியின் மூவரும் அவருக்குப் பின்னால், ஆளுக்கொரு கூடையோடு, வரிசையாக நிற்கிறார்கள். நடுவரும் இப்போது சிரித்துவிட்டார். மூன்றாம் முறை சொல்ல ஆசைதான், நேரம் இல்லை.

கவ்வாத்து மலை என்ன ஆனது? கடைசி இடத்தில் கிடந்த அணி அந்தப் பருவத்தை ஐந்தாவதாக முடித்தது. அதற்கடுத்த மூன்று பருவங்களிலும் இரண்டாம் இடம். மன்செஸ்டர் யுனைட்டட் பயிற்றுநராக இருந்த அலெக்ஸ் பேர்குசனின் கதையை எதிரணி எதிர்பார்த்து வந்திருக்கும் என்பதால் அதை ஒரே மூச்சில் முடிக்கிறேன்: 1986இல் வந்தார், 1989இல் சாக்குப்போக்குப் போதும் போய்வா என்று அரங்கில் பதாகை பிடித்தார்கள், 1990இல் எஃப்.ஏ. கிண்ணம், 1993இல் பிரீமியர் லீக் பட்டம், பிறகு நடந்ததை நம் பிள்ளைகளே சொல்வார்கள்.

இப்போது நிலுவைக்கு வருகிறேன். எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், நம் ஆசிரியர், பலத்த கைதட்டலுக்கிடையே ஒரு வார்த்தை சொன்னார். 'கொழுந்து நிறுவை குறைந்தால் நமக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் போடுகிறார்கள். மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல்கூடப் போடாதவனுக்கு மட்டும் முழுப்பேர் போடச் சொல்கிறார்களே! இருநூறு வருடம் பொறுத்த சனத்துக்குப் பொறுமையைப் படிப்பிக்க இன்னுமோர் ஆள் வேண்டுமா?' என்றார். நானும் கைதட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் கை சுட்டது.

ஐயா, அரைப்பேர் போடுவது யார்? நாம் அல்லோம். தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவர். மழையில் மலையேறி, அட்டைக்கடி பட்டு, வளராத கொழுந்தைத் தேடிப் பறித்து, கூடையை இறக்கி வைத்தால், மழை பெய்ததையும் மலை காய்ந்திருப்பதையும் பாராமல் தராசின் முள்ளை மட்டும் பார்த்து அரைப்பேர் எழுதுகிறார்களே, அந்த அநியாயத்தை நம்மைவிட அறிந்தவர் யார்? அதை அறிந்த நம் கையில், சனிக்கிழமை இரவில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தராசைக் கொடுத்தால் நாம் செய்யும் முதல் வேலை என்ன? பத்தொன்பது வயதுப் பையனுக்கு அரைப்பேர் போடுகிறோம்! அந்த ஆகஸ்டில் புக்காயோ சாக்காவுக்கு வயது பத்தொன்பது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்டு, அவருடைய தோலின் நிறத்தைச் சொல்லி ஏசியவர்களின் வசையையெல்லாம் தாங்கியிருந்தார். ஆர்சனலின் பரம எதிரியான டொட்டன்ஹாமின் இரசிகர்களே தங்கள் அரங்கில் அவருக்கு ஆதரவாகப் பதாகை பிடித்தார்கள். எதிரியின் பிள்ளைக்கு அவர்கள் முழுப்பேர் போட்டார்கள். நம் ஆசிரியரோ கைதட்டலுக்காகக் கணக்குப்பிள்ளையின் நாற்காலியில் ஏறி அமர்ந்துவிட்டார்.

இருநூறு வருடம் என்றார். நம் முன்னோரைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 1823இல் தொடங்கும் அந்தக் கணக்கை இந்த மண்டபத்தில் எவரும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பொறுமையை நாமாக எவருக்கும் கொடுக்கவில்லை. நம்மிடம் கேளாமல் எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்துத் துரைக்குக் காட்டிய பொறுமையும் பிள்ளைக்குக் காட்டும் பொறுமையும் ஒன்றா? நடை பழகும் குழந்தை விழுந்தால், இருநூறு வருடம் பொறுத்துவிட்டேன், இனி உனக்குப் பொறுக்க மாட்டேன் என்று ஆசிரியர் வீட்டில் சொல்வாரா? அப்படிச் சொன்னால் வீட்டம்மா அவருக்கு அரைச்சாப்பாடுதான் போடுவார்.

எதிரணியின் முதற்பேச்சாளர் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2017இல் கிறிஸ்டல் பலஸ் கழகம் முதல் நான்கு ஆட்டங்களிலும் கோல் இன்றித் தோற்றது, பயிற்றுநர் பிராங்க் டி போரை உடனே நீக்கியது, பருவத்தைப் பதினோராவதாக முடித்துத் தப்பியது, ஆகவே கண்டிப்பே வெல்லும் என்றார். அக்கா, மீதியையும் சொல்லியிருக்கலாம். புதிதாக வந்த ரோய் ஹொட்ஜ்சன் தம் முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் தோற்றார், அதுவும் ஒரு கோலும் போடாமல். எட்டாவது ஆட்டத்தில்தான் செல்சியை வென்றார்கள். உங்கள் கண்டிப்பை அவர்மீதும் அதே அளவில் காட்டியிருந்தால் அவரும் அந்த மூன்றாவது தோல்வியோடு வீட்டுக்குப் போயிருப்பார். தப்ப வைத்தது முதல் நீக்கமா, இரண்டாவது பொறுமையா என்பதை நடுவரிடம் விடுகிறேன்.

எல்லா அணிக்கும் பொறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். கவ்வாத்து வெட்டும் முன் வேரைச் சீவி, அயடீன் துளி விட்டு, கருநீலம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். வேரில் மாச்சத்து இல்லாத செடியை வெட்டினால் அது செத்துப்போகும். 2007-08 பருவத்தில் டேர்பி கவுன்டி 38 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்று 11 புள்ளிகளோடு கீழிறங்கியது. அந்த வேரில் நீலம் ஏறவில்லை. என் கட்சிக்கு இது இடைஞ்சலான உதாரணம்தான். எதிரணி சொல்லாமல் விட்டதை நானே சொல்லிவிட்டேன், இதற்கு நடுவர் எனக்கு ஒரு புள்ளி தர வேண்டும்.

இனி நான் சொல்வதில் வாதம் இருக்காது. அன்று சட்டையின் எழுத்தை வாசித்துக் காட்டினானே மாமாவின் மகன், அவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். சில வருடம் அதுவும் இல்லை. சாதாரண நாளில் தொலைபேசி எடுத்தால், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, மழைதான் என்பதோடு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு முடிந்துவிடும். ஆட்ட நாளில் மட்டும் அவனே அழைப்பான். அத்தை ஒரு நாள் என்னிடம் ஒரு கணக்குச் சொன்னார். ஆர்சனல் வென்ற இரவில் அவர்கள் இரண்டு நிமிடம் பேசுவார்களாம். தோற்ற இரவில் அரை மணி நேரம் பேசுவார்களாம். 'தோற்றுவிட்டோம் அப்பா' என்று தொடங்குவானாம். ஆடியவர்கள் இலண்டனில், தோற்றவர்கள் கொழும்பிலும் ஹட்டனிலும்! பிறகு பேச்சு பயிற்றுநரிலிருந்து முதலாளிக்கும், முதலாளியிலிருந்து வாடகைக்கும், வாடகையிலிருந்து அம்மாவின் மூட்டுவலிக்கும் போகுமாம்.

2024 மே 19ஆம் திகதி ஆர்சனல் தன் கடைசி ஆட்டத்தை வென்றும், இரண்டே புள்ளிகளால் கிண்ணத்தைச் சிற்றியிடம் விட்டது. அன்றிரவு அழைப்பு ஒரு மணி நேரம் நீண்டது. மாமா வாசற்படியில் பனிக்குள் அமர்ந்து பேசினார். அத்தை உள்ளே விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டு வந்த மாமா, 'பையன் அடுத்த மாதம் வருகிறானாம்' என்று மட்டும் சொன்னார். கிண்ணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை.

மாமா இன்றும் அந்தச் சட்டையைத்தான் கம்பளிக்குள் அணிந்து வந்திருக்கிறார். எத்தனை முறை துவைத்தாலும் அடுப்புப் புகை வாசம் போகவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் அறிவார்கள்.

நடுவர் மணியைத் தொடுவது தெரிகிறது. ஆசிரியருக்கு நான் தர வேண்டிய வணக்கம் நிலுவையில் இருக்கிறது. அரைப்பேர் கழிக்காமல், முழுதாகவே தருகிறேன். வணக்கம், ஐயா.