கோலகங்சார் பால்மரமும் எங்கள் பாட்டியும்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, ஈப்போவிலிருந்து காரோட்டி வந்திருக்கும் முன்னாள் மாணவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தோட்டத்துப் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பால்மரம் என்று நாம் சொல்லும் ரப்பர் மரத்தின் வரலாறு, ரப்பர் விலை, நம் பள்ளி என்று மூன்று விஷயம் பேச வந்தேன். "மரத்தை வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பார் என் பாட்டி. கையில் காசில்லாத நாளெல்லாம் அதைத்தான் சொல்வார்.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் 22, அடுத்த வருஷம் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குப் போயின. பேராக்கில் ஹியூ லோ ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியாக, இருந்த காலம் அது. அந்த ஒன்பதில் ஒன்றுதான் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. விக்கம் பெயரும் லோ பெயரும் புத்தகத்தில் இருக்கின்றன. மரத்தை வைத்தவர்கள் அவர்கள், சரி. தண்ணீர் ஊற்றியது யார்? காடு வெட்டி, கன்று நட்டு, இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போய் நின்றது யார்?

பாட்டியை ஒருமுறை அந்த மரத்தைப் பார்க்கக் கூட்டிப்போனேன். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். பால்வாளி தொங்கும் காண்டாக் கம்பைச் சுமந்து ஒரு தோள் சரிந்தே போயிருந்தது. மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "நெறையில இல்லாம இது மட்டும் ஏன்டா தனியா நிக்குது?" என்றார். நெறை என்றால் தோட்டத்து மர வரிசை. முதல் மரங்களில் ஒன்று, அதனால்தான் போர்டு வைத்திருக்கிறார்கள் என்றேன். "என் நெறையில எத்தனை நூறு மரம்! ஒண்ணுக்கும் போர்டு கிடையாது" என்றவர், குனிந்து ஒரு ரப்பர் கொட்டையை எடுத்துத் தரையில் பரபரவென்று தேய்த்தார். சூடேறியதும் என் கையில் வைத்து அழுத்தினார் பாருங்கள்! நான் துள்ளியதைப் பார்த்துச் சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் ஆடிய ஆட்டமாம் அது. அப்புறம் அந்தக் கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார்.

ரப்பர் விலையை இன்னொரு நாள் பேசலாம். தலைமையாசிரியர் ஐயாவிடம் நான் கேட்பது இந்தப் பள்ளியில் ஓர் அறைதான். பால் வடியும் ஒரு மங்கு, ஒரு வெட்டுக்கத்தி, ஒரு பால்வாளி அங்கே இருக்கட்டும். வாசலில் ஒரு பால்மரம் வைப்போம். தண்ணீர் ஊற்றப் பிள்ளைகள் வேண்டும், ஐயா. அதனால் பெற்றோர்களே, வரும் ஆண்டு உங்கள் பிள்ளையை இந்தத் தமிழ்ப்பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். வாசல் மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. உங்கள் பாட்டி பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.